இரண்டு பேர் போதும்

ஜூன் 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துறைமுகத்தோரம் வெல்ட் கீ தெரு முழுக்கச் சேறு. ஆபீசுக்குள் நனைந்த சாக்கு நாற்றம். ஆபீஸ் துரை இன்றும் பதினோரு மணிக்குத்தான் வந்தார். கணக்கெழுதுகிற கிராணிகள் நாம் ஐந்து நிமிடம் பிந்தினால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மத்தியானம் வேலை குறைவு. பந்தாட்டச் சட்டத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். இது மூன்றாவது பிரதி. முதல் பிரதியைக் கேப்டன் வடிவேலு வாங்கிப் போய் மழை ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டான். இரண்டாவது பிரதி என்ன ஆயிற்று என்று ஒரு வாரம் தேடினேன். நேற்றுக் கோப்பிக் கடையில் கடலைப் பொட்டலம் வாங்கிப் பிரித்தால் உள்ளே என் கையெழுத்து. "கோல்கீப்பர் தவிர வேறு எவரும் பந்தைக் கையால்" வரைக்கும் இருந்தது. மீதி யார் பொட்டலத்திலோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடலையைத் தின்னவே பிடிக்கவில்லை.

எழுதியவை:

— பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒருவன் கோல்கீப்பர். தன் கோல் முன் உள்ள பெரிய கட்டத்துக்குள் மட்டுமே அவன் கையால் தொடலாம்.
— பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். பாதி தாண்டினால் இல்லை. (இதற்குப் போன வருஷம் பாடாங் மைதானத்தில் அடிதடி.)
— பக்கக் கோட்டிலிருந்து எறிவது இரண்டு கையாலும், தலைக்கு மேலிருந்து. காலைத் தூக்கக் கூடாது. நம் ஆட்கள் தேங்காய் எறிகிற மாதிரி எறிகிறார்கள்.
— பூட்ஸில் ஆணி வெளியே தெரியக் கூடாது. நம்மில் எட்டுப் பேருக்குப் பூட்ஸே இல்லை. வெறுங்கால் குற்றம் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.
— ஆஃப்சைடு. இதுதான் முக்கியம். தனித் தாளில்.

ஆஃப்சைடு: நம் ஆள் ஒருவன் பந்தைத் தட்டிவிடுகிற அந்த நொடியில், எதிரி பாதியில் பந்துக்கு முன்னால் நிற்கிற இன்னொரு நம் ஆளுக்கும் எதிரி கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். கோல்கீப்பரும் கணக்கில் உண்டு. மூன்றுக்குக் குறைந்தால் ஆஃப்சைடு. இது பழைய சட்டம். சீமையில் போன வருஷம் மாற்றிவிட்டார்கள். அது கப்பலேறி வந்து, இங்கே கமிட்டி கூடி, இந்த மாதத்திலிருந்துதான் நமக்கு. இப்போது இரண்டு பேர் போதும்.

ஒரு எண்தான் மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஆட்டமே மாறிவிடும். இது ஒருவனுக்கும் விளங்கவில்லை.

ஜூன் 3, வியாழன்

மழை விட்டது. மாலை குயின் ஸ்ட்ரீட்டில் கிளப் கூடியது. கூடுமிடம் செக்ரட்டரி மாணிக்கம் பிள்ளையின் ஜவுளிக்கடை மேல்மாடி. கீழே துணி கிழிக்கிற சத்தம். சனிக்கிழமை கோப்பை அரையிறுதி, சீனர் கிளப்போடு. நாம் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

மேசை மேல் புளியங்கொட்டை பதினொன்று, சோழி பதினொன்று. ஆஃப்சைடைக் காட்டினேன். ஒரு மணி நேரம்.

வடிவேலு: "ரெண்டு பேருன்னா கோல்கீப்பரும் பின்னால நிக்கிற ஒரு பேக்கும் இருந்தா போதுமா அண்ணே?"

"போதும்."

"அப்ப இத்தன வருஷமா நமக்கு ஊதுன விசிலெல்லாம்?"

"அப்ப அதுதான்லா சட்டம்."

"நல்ல சட்டம்லா. நேத்து வரைக்கும் திருட்டுப்பய, இன்னைக்கு நல்லவனா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறேன். இங்கே ரெஃபரி ஒருவர், கிளப்புக்கு ஒரு லைன்ஸ்மேன், அதுதான் வழக்கம். நம் கிளப்புக்கு நான். இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்தவன் இந்த மாடியில் நான் ஒருவன்தான். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

சூசை மட்டும் கேள்வி கேட்கவில்லை. என் மனைவி ஞானத்தின் தம்பி. தொங்கான் படகில் மூட்டை இறக்குகிறவன். நமக்கு சென்டர் ஃபார்வர்டு. எல்லாரும் டீக்குப் போனபின் அவன் தனியாக நின்று புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"என்னடா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தான்."

இவனாவது.

ஜூன் 4, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. காலைப் பூசை. பிறகு ஆபீஸ். மீன் குழம்பு.

கொடிக்கு இஸ்திரி போடச் சொன்னேன். ஞானம்: "பூசைக்குப் போற சட்டைய இப்பிடி ஒரு நாளாவது போடச் சொல்லியிருக்கீங்களா?" கொடி என்பது என்ன என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கால் சுளுக்குக்குத் தைலம் வாங்க வேண்டும். பென்சில் சீவ வேண்டும்.

ஜூன் 5, சனி

வெயில். பாடாங்கில் கடல் காற்று. கூட்டம் பக்கக் கோடு வரைக்கும்.

தோற்றோம். 1–0.

தோல்வி கிடக்கட்டும், தோற்ற விதத்தைத்தான் தாங்க முடியவில்லை. முதல் பாதியிலேயே சீனர்கள் ஒரு கோல். இரண்டாம் பாதி முழுக்க நாம்தான் அவர்கள் கோல் முன்னால். முடியப் பத்து நிமிடம். நடுவிலிருந்து வடிவேலு பந்தை முன்னால் தள்ளினான். சூசை பாய்ந்து எடுத்து வலைக்குள் அடித்தான். மைதானமே எழுந்தது. அதற்கு முன்பே நான் கொடி தூக்கியிருந்தேன். ரெஃபரி துரை விசில். கோல் இல்லை.

ஆஃப்சைடு. என் கண்ணால் பார்த்தேன். பந்தைத் தள்ளின நொடியில் சூசைக்கு முன்னால் ஒரு பேக், கோல்கீப்பர். அவ்வளவுதான். வேறு ஒரு ஆள் கிடையாது. வியாழக்கிழமை முழுக்கப் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தேனே. "புரிஞ்சுது அத்தான்" என்றானே. என்ன புரிந்தது இவனுக்கு?

கூட்டம் என்னைத்தான் திட்டியது. ரம்புத்தான் தோலை வீசினார்கள். ஒருவன்: "மச்சினனுக்கே கொடி தூக்குற மடையன்." இன்னொருவன்: "சீனங்கிட்ட என்ன வாங்கின கிராணி?" பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடம் ஒரு கோப்பித் தண்ணி கூட வாங்கிக் குடித்ததில்லை நான். திரும்பி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன், சொல்லிக் கொடுத்தும் கேட்காதவனை என்ன செய்வது என்று. மூன்று தரம் சொன்னேன்.

முடிந்ததும் ரெஃபரி துரை வந்து கை குலுக்கினார். சொந்தக் கிளப்புக்கு எதிராகவே கொடி தூக்குகிற லைன்ஸ்மேனை இப்போதுதான் பார்க்கிறாராம். அவருக்காவது நியாயம் தெரிகிறது.

சூசை புல்லில் உட்கார்ந்து கணுக்காலில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

ஜூன் 6, ஞாயிறு

கோயிலில் இருந்தேன். பிரசங்கம் நீளம். மனசு பாடாங்கிலேயே. வடிவேலு பந்தைத் தள்ளுகிறான். சூசைக்கு முன்னால் யார்? ஒரு பேக். கோல்கீப்பர். மடியில் விரலை மடக்கினேன். ஒன்று. இரண்டு.

இரண்டு.

எல்லாரும் முழங்காலிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஞானம் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு பேர் போதும். எழுதினவன் நான். மூன்று பிரதி எழுதினவன் நான். புளியங்கொட்டை வைத்துக் காட்டினவன் நான். அந்த நொடியில் என் கண் மூன்றாமவனைத் தேடியது. காணோம் என்றதும் கை தானாக மேலே போய்விட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். சட்டம் தலைக்குள் ஏறியிருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

சீமையில் எவனோ மேசையில் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்றுவான். இங்கே மாங்காய் மடையன் மாதிரி நான் நிற்க வேண்டும். ஏன் மாற்ற வேண்டும்? மூன்றுக்கு என்ன குறை?

அது நல்ல கோல். சுத்தமான கோல்.

யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 7, திங்கள்

புழுக்கம். ஆபீசில் ஒரே கடிதத்தை இரண்டு தரம் பதிவு செய்தேன்.

மாலை கிளப் கூட்டம். சொல்லிவிடுவது என்றுதான் படியேறினேன். நான் வாயைத் திறக்குமுன் செக்ரட்டரி மா.பி. எழுந்துவிட்டார். "சொந்த மச்சினன்னு பாக்காம கொடி தூக்குனாரு பாருங்க நம்ம ராயப்பன். தராசுலா அவரு. வருஷ அறிக்கையில எழுதப் போறேன்." கைதட்டு. சனிக்கிழமை என்னைத் திட்டினவர்களும் தட்டினார்கள். இவர்களுக்கு ஒரு நிலை வேண்டாமா? நேற்று முந்தாநாள் மடையன், இன்றைக்குத் தராசு.

அடுத்த பேச்சு சூசை. சட்டம் தெரியாதவனால் கோப்பை போயிற்று. கிராணியாரே மூன்று தரம் சொன்னாரே. நான் பாடாங்கில் கத்தினதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். முடிவு: சட்டம் படித்து முடிக்கிற வரை சூசை ஆட வேண்டாம். வரும் சனிக்கிழமை லீக் ஆட்டத்திலிருந்தே.

வடிவேலு கேட்டான்: "சூசை, நீ ஒண்ணும் சொல்லலியா?"

அவன் கதவோரம் நின்றிருந்தான். "அத்தான் தூக்குனா ஆஃப்சைடுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வடை வந்தது. இரண்டு தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

ஜூன் 8, செவ்வாய்

தபாலில் பந்தாட்டச் சங்கத்திலிருந்து கடிதம். ரெஃபரி துரை என்னைச் சிபாரிசு செய்திருக்கிறார். பொது லைன்ஸ்மேன் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கிறார்களாம். நகல் கிளப்புக்கும். அடுத்த வருஷம் ரெஃபரி பரீட்சைக்கு உட்காரலாம். அந்தப் பட்டியலில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. இதற்காக எத்தனை வருஷம் மனு எழுதினேன், எத்தனை பேர் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றேன். சரியாகக் கொடி தூக்கின வருஷமெல்லாம் ஒரு பதில் கிடையாது. தப்பாகத் தூக்கினதும் பட்டியல்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள். மத்தியானம் இரண்டு தரம் எடுத்துப் படித்தேன். என்ன ஜென்மம் நான்.

ஞானம்: "தம்பி ரெண்டு நாளா பந்து பக்கமே போகலயாம். தொங்கான்லருந்து நேரா வீட்டுக்கு வந்து படுத்துக்கிறானாம். நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன். தப்புப் பண்ணாதவன் யாரு?"

தப்புப் பண்ணாதவன் அவன்தான். இதை எப்படி இவளிடம் சொல்வது?

மண்ணெண்ணெய் தீர்ந்தது. சவரக்கத்தி தீட்டக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 9, புதன்

சாயங்காலம் சூசை மீன் கொண்டு வந்தான். அக்காளிடம் கொடுத்துவிட்டு உடனே கிளம்பினான். வாசல் வரை போய் நிறுத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். வடிவேலு தள்ளினபோது எங்கே நின்றாய் என்று.

"பேக்குக்கு ஓரடி இந்தப் பக்கம்."

"உனக்கு முன்னால எத்தன பேருடா?"

தரையைப் பார்த்தான். "ரெண்டு."

"எண்ணினியா?"

"எண்ணிட்டுத்தானே அத்தான் ஓடுனேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

தெரிந்திருக்கிறது. சனிக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னால் நான் அவனைச் சட்டம் தெரியாதவன் என்று மூன்று தரம் கத்தினபோதும் தெரியும். திங்கள்கிழமை மாடியில் எனக்குக் கைதட்டினபோதும் தெரியும்.

"அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"எப்பிடி அத்தான்? உங்களுக்கு இருக்கிறது அந்தக் கொடி ஒண்ணுதானே. எனக்கு ஒரு கோல் போனா இன்னொண்ணு அடிச்சிக்குவேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் மானத்தைக் காப்பாற்ற இவனை யார் கேட்டது? நாற்பத்தொரு வயசுக்காரன் நான். தெருவில் பிச்சை போடுகிற மாதிரி இரக்கம் காட்டுகிறான். அடிக்கக் கை ஓங்கினேன் என்றுகூட நினைக்கிறேன். அவன் நகரவில்லை. பிறகு தோளில் கை வைத்தேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

ஓடுகிறவன் எண்ணியிருக்கிறான். நின்று பார்க்கிறவனுக்கு எண்ண வரவில்லை.

ஜூன் 10, வியாழன்

மாடியில் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். சூசை ஆஃப்சைடு இல்லை. பழைய சட்டத்துக்கு என் கை தூக்கிவிட்டது. கோல் கோல்தான். கோப்பையைத் தொலைத்தவன் நான்.

கீழே துணி கிழிக்கிறது மட்டும் கேட்டது.

வைவார்கள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். மா.பி. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, ஆனது ஆச்சு. வெளிய மூச்சு விடாதீங்க ராயப்பன். இப்பத்தான் தொர லிஸ்டுல நம்ம ஆளு ஒருத்தர் பேரு ஏறியிருக்கு. இது தெரிஞ்சா இனி ஒரு தமிழனையும் கோட்டுப் பக்கம் விடமாட்டானுங்க."

"சூசை?"

"சின்னப் பையன்லா. நாலு ஆட்டம் ஒக்காந்தா என்ன கெட்டுப்போச்சு? அவனே ஒத்துக்கிட்டானே."

ஒத்துக்கொண்டானாம். இவர்கள் நியாயம் இதுதான். தெரியாமல் தூக்கின கொடிக்குக் கைதட்டல். தெரிந்து சொல்கிற உண்மைக்குக் கதவடைப்பு. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் உட்கார வேண்டும், செய்தவன் பட்டியலில் ஏற வேண்டும். இதற்கு ஒரு சட்டப் புத்தகம், அதற்கு மூன்று பிரதி.

வடிவேலு ஒருவன்தான் எழுந்தான். "சூசை எறங்கலன்னா நானும் எறங்கல. வேற கேப்டன் பாத்துக்குங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஒங்க மேல எனக்கு ஆத்திரந்தான் அண்ணே. அது வேற." நியாயமான ஆத்திரம். அதை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றி எழுதினேன். ரெஃபரி துரைக்கு இங்கிலீஷில், நான்கு வரி. சனிக்கிழமை சூசை ஆஃப்சைடு இல்லை. அவனுக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். கொடி என்னுடையது. பிழை என்னுடையது. அதையே தமிழில் இன்னொரு தாளில். ஞானம் பின்னால் நின்று படித்தாள். கோப்பி கொண்டு வந்து வைத்தாள், சர்க்கரை கூடுதல்.

ஜூன் 11, வெள்ளி

ஆபீசுக்கு அரை நாள் லீவு. வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

தமிழ்த் தாளைக் காலையிலேயே கிளப் கதவில் ஒட்டினேன். மா.பி. கடை திறக்குமுன். ஒன்பது மணிக்குள் மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்கச் செய்தி போய்விட்டது. கிழித்தாலும் பயனில்லை என்று அவரே விட்டுவிட்டார்.

பிறகு ரெஃபரி துரையின் ஆபீஸ். வாசல் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். உள்ளே போனதும் கடிதத்தை நின்றபடியே படித்தார். இதை எழுதியிருக்கத் தேவையில்லையே என்றார். ஆட்டம் முடிந்தது, விசில் ஊதினது ஊதினதுதான், கோப்பை மாறாது. அது எனக்கும் தெரியும். சட்டத்தில் இருக்கிறது. கோப்பைக்காக எழுதவில்லை, ஒரு ஆளின் பெயருக்காக எழுதினேன் என்றேன். அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. சிரித்தார். மேசையிலிருந்த பட்டியலை எடுத்தார். சிவப்பு மை. என் கண் முன்னாலேயே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, நேராக.

அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை. உங்கள் ஆட்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கடினம்தான் என்கிற சிரிப்பு. சீமை லைன்ஸ்மேன் ஒருவன்கூடப் போன வருஷம் தப்பாகக் கொடி தூக்கியிருக்க மாட்டானா? கேட்கவில்லை. படியிறங்கி வந்தபின் தோன்றியது.

சாயங்காலம் மா.பி. ஆள் அனுப்பிக் கொடியை வாங்கிக்கொண்டார். இனி அவர் கடைக் கணக்கர் நடேசன் லைன்ஸ்மேனாம். நடேசன் ஓடி யாரும் பார்த்ததில்லை. சூசை நாளை ஆடுகிறான். வடிவேலு இல்லாமல் ஆளில்லை, சூசை இல்லாமல் வடிவேலு இல்லை. நியாயத்துக்காக ஒன்றும் இல்லை.

தைலம் வாங்க இந்த வாரமும் மறந்தேன். இனித் தேவையும் இல்லை.

ஜூன் 12, சனி

மேகமூட்டம். போக வேண்டாம் என்று இருந்தேன். ஞானம் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போனேன்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தரம் கூட்டத்துக்குள் நின்றேன். முன்னால் நிற்கிறவன் தலைதான் தெரிகிறது. எதுவும் சரியாகத் தெரியாமல்தான் இவ்வளவு காலமும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் என்னைக் காட்டிக் குசுகுசுத்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். எதிரி மலாய் ஆட்கள், நல்ல ஆட்டக்காரர்கள். நடேசன் கொடியைக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கத்த வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி. 0–0. வடிவேலு தலை நிமிர்ந்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே பந்து. தள்ளினான். சூசை பேக்குக்கு ஓரடி இந்தப் பக்கமிருந்து கிளம்பினான். முன்னால் அந்த பேக், கோல்கீப்பர். நடேசன் கொடி அசையவில்லை. சட்டம் தெரிந்தா தூங்கியா, தெரியாது. விசில் இல்லை. வெறுங்காலால் ஒரே அடி. வலை.

பாடாங் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தது. பக்கத்திலிருந்தவர் என் முதுகில் தட்டி, "பாத்தீங்களா கிராணியாரே, நீங்களும் கையத் தூக்கிட்டீங்க" என்று சந்தோஷப்பட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். என் வலது கை மேலேதான் இருந்தது. அது கோல் விழுவதற்கு முன்பே, வடிவேலு தள்ளினதுமே போனது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.